இரண்டு ஸ்க்ரூ குறைவாக

ஃபஹாஹீலில் மூன்றாம் மாடி.
கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே
ஒன்றரை அடி அகலம் எனக்குச் சொந்தம்.
அதில் ஒரு துண்டு கிரானைட்,
யார் வீட்டுச் சமையல் மேடைக்கோ வெட்டியதில் மிச்சம்.
அதைவிடச் சமமான தரையை
இந்த நாட்டில் நான் பார்க்கவில்லை.

அதன்மேல் புதுச் சேஸி.
இரண்டேகால் மில்லிமீட்டர் கார்பன் ஃபைபர்.
விளக்கைச் சாய்த்தால்
பாம்புச் சட்டைபோல் கட்டம் கட்டமாய் மினுங்கும்.

"அது என்ன, வஞ்சிர முள்ளா?"
வீடியோவில் பூங்கோதை.
இருபத்தெட்டு தினார் என்றேன்.
ரூபாய்க்குப் பெருக்க அவளுக்கு மூன்று விநாடி.
பிறகு நெட்வொர்க் போய்விட்டது.
போய்விட்டதாகத்தான்
இருவரும் வைத்துக்கொண்டோம்.

பகலில் நான் சாரக்கட்டுப் பரிசோதகன்.
குழாயைத் தட்டி, உலுக்கி,
ஆடவில்லையென்றால் பச்சை அட்டை மாட்டுவேன்.
ஆடினால் சிவப்பு.
பதினொரு வருடமாக இவ்வளவுதான் என் அறிவு.
அதனால்தான் பழைய பிளாஸ்டிக் தொட்டிச் சேஸிமேல்
அப்படி ஒரு வெறுப்பு:
வளைவில் நுழைந்ததும் ஈரத்துணிபோல் முறுகும்.
முன்சக்கரம் சொல்வது
பின்சக்கரத்துக்குத் தாமதமாய்க் கேட்கும்.

விளிம்புகளைத் தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்தேன்.
அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.
பக்கத்துக் கட்டில் மரியசெல்வம்
நாளெல்லாம் பெயின்ட் வாடையில் நின்று வருபவன்,
அவனுக்கு இது வேறு எதற்கு.
தேய்த்த இடத்தில் பசை ஒரு கோடு,
இடித்தாலும் இழை பிரியாதிருக்க.

நாலு சக்கரத்துக்கு நாலு தராசு,
பேக்கரி நூர்தீனிடம் இரவல்.
இன்னும் மாவு வாசம்.
இடது முன் முந்நூற்று முப்பத்தொன்று,
வலது முன் முந்நூற்று நாற்பத்து நான்கு.
பதிமூன்று கிராம், ஒரு பிஸ்கட்டின் கனம்.
அந்த பிஸ்கட்டைத் துரத்தி
பேட்டரியை இப்படி, மோட்டாரை அப்படி,
இரண்டு மணிவரை.
மேல்தட்டு வைத்து எட்டு ஸ்க்ரூவும் இறுக்கிக்
கையால் முறுக்கிப் பார்த்தேன்.
அசையவில்லை.
பச்சை அட்டை.

வெள்ளி, விடிய ஐந்து மணி.
ஃபர்னிச்சர் கடையின் காலி பார்க்கிங்.
கிழிந்த தீயணைப்புக் குழாயை வளைத்து
ரொடெல் போட்ட பாதை.
இரவெல்லாம் வீசிய காற்று
மாவு சலித்ததுபோல் மணலை விட்டுப் போயிருந்தது.

முதல் வளைவில் வால் சுழன்றது.
இரண்டாவதிலும்.
ஸ்பிரிங் மாற்றினேன், ஷாக்கில் கெட்டி எண்ணெய் விட்டேன்,
கேம்பரை அரை டிகிரி சாய்த்தேன்.
பழைய பிளாஸ்டிக் பதினேழரை விநாடியில் வந்த சுற்றுக்கு
இருபத்தெட்டு தினார்
பதினெட்டே கால் எடுத்தது.

ரொடெல் தரையில் உள்ளங்கையைத் தேய்த்துக்
காட்டினான். முழுக்கத் தூசு.
தன் ஹிந்தியும் என் ஹிந்தியும் கலந்து சொன்னான்:
"ரோடு வழுக்குது பாய்.
இவன் வளைய மாட்டேங்கறான்."
கேட்காமலே டிரைவரை எடுத்து
மேல்தட்டின் நடுவிலிருந்து இரண்டைக் கழற்றி
என் சட்டைப்பையில் போட்டான்.

எனக்குக் கை நடுங்கியது, நிஜமாகவே.

ஓட்டினேன்.
வளைவில் வண்டி ஒரு கணம் யோசித்தது.
பிறகு உட்கார்ந்து, தரையைப் பிடித்து,
வெளியே வந்தது.
பதினேழு விநாடி ஒன்று.
ரொடெல் பதினாறு ஒன்பது. அவன் எப்போதும் அப்படித்தான்.
வெயில் ஏறி டயர் பிசுக்கும் வரை
இருவரும் ஓட்டினோம்.

ஞாயிறு சைட்டில்
எல்லா கிளாம்பையும் இரண்டு முறை இறுக்கிப் பார்த்தேன்.
ஏழாம் தட்டில் குனிந்தபோது
பையிலிருந்து டிங் என்று விழுந்தன.
ஃபோர்மேன் ஒன்றைப் பொறுக்கி
வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தளவு ஸ்க்ரூ.
மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.
"இது எங்கேயிருந்து கழன்றது?"

சொல்ல ஆரம்பித்தேன்.
கேட்கக் கேட்க
அவர் கை
சிவப்பு அட்டைக் கட்டைத் தேடியது.